வீசத்தில் வீசம்

கம்பவுண்டர் அண்ணனுக்குத் தொண்டை கட்டிப்போனதில்தான் இந்த வேலை ஆரம்பித்தது.

1994-ல் நான் தஞ்சாவூரில் ஒரு கம்ப்யூட்டர் சர்வீஸ் கடையில் இருந்தேன். குழந்தை மருத்துவர் ஒருவர் எங்கள் வாடிக்கையாளர். மாலை ஐந்து மணிக்கு மேல் அவர் கிளினிக்கில் எண்பது தொண்ணூறு பேர் காத்திருப்பார்கள். குழந்தைகளின் அழுகைக்கு நடுவே கம்பவுண்டர் அண்ணன் வாசலில் நின்று டோக்கன் நம்பரைக் கூவுவார். எட்டு மணிக்கெல்லாம் அவர் குரல் போய்விடும். பில் போடும் கம்ப்யூட்டரில் ஏதோ கோளாறு என்று நான் போயிருந்த ஒரு மாலையில் டாக்டர் அதைத் தட்டிக் காட்டி, "இதுவே நம்பரைக் கூப்பிடாதா தம்பி?" என்று கேட்டார்.

கூப்பிடும், சவுண்ட் கார்டு இருந்தால். அது 386 மெஷின். டாஸ், கறுப்பு வெள்ளை மானிட்டர், ஒரு டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர், அவ்வளவுதான். நான் விசாரித்த வகையில் ஒரு சவுண்ட் கார்டின் விலை என் மூன்று மாதச் சம்பளத்தைத் தாண்டியது. விலையைக் கேட்டதும் டாக்டர், "பார்க்கலாம்" என்றார். அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் எனக்குத்தான் மனசு கேட்கவில்லை.

முதலில் கேபினெட்டுக்குள் இருக்கும் சின்ன ஸ்பீக்கரை முயன்றேன். மெஷினை ஆன் செய்தால் 'பீப்' என்று கத்துகிறதே, அதுதான். அதற்கு இரண்டே நிலை: ஆன், ஆஃப். நடுவில் எதுவும் கிடையாது. ஆனாலும் ஒரு வழி உண்டு. மதர்போர்டில் உள்ள டைமர் சிப் நொடிக்கு 11,93,182 முறை துடிக்கிறது. நொடிக்கு 8000 முறை ஸ்பீக்கரைத் திறந்து மூடினால் ஒவ்வொரு முறைக்கும் சுமார் 149 துடிப்பு கிடைக்கும். அதில் எத்தனை துடிப்பு நேரம் திறந்து வைப்பது என்பதை மாற்றிக்கொண்டே போனால் ஸ்பீக்கரின் காகிதம் வேகமாக ஆட முடியாமல் சராசரியைப் பிடித்துக்கொள்ளும். குரல் வரும். அமெரிக்காவில் ஆக்சஸ் சாஃப்ட்வேர் என்ற கம்பெனி 1980-களின் கடைசியிலேயே தன் விளையாட்டுகளில் இந்த வழியில் மனிதக் குரலைக் கொண்டுவந்திருந்தது.

எனக்கும் வந்தது. ஆனால் கூடவே 8000 ஹெர்ட்ஸில் ஒரு 'கீ' சத்தம், கொசு காதுக்குள் புகுந்தது போல. பெரியவர்கள் சிலருக்கு அது கேட்காது. குழந்தைகளுக்குக் கட்டாயம் கேட்கும், கிளினிக் முழுக்க இருந்ததோ குழந்தைகள். அந்த வழியை விட்டுவிட்டேன்.

மிஞ்சியது பிரிண்டர் போர்ட். 25 துளை உள்ள அந்த முனையை நாங்கள் தினமும் கையாண்டோம், ஆனால் பிரிண்டர் கேபிள் செருகுகிற இடம் என்பதற்கு மேல் யோசித்ததில்லை. அதன் இரண்டாவது பின்னிலிருந்து ஒன்பதாவது பின் வரை எட்டுக் கம்பிகள் டேட்டா. 18 முதல் 25 வரை கிரவுண்ட். ஹெக்ஸ் கணக்கில் 378 என்ற முகவரிக்கு ஓர் எண்ணை அனுப்பினால் அந்த எண்ணின் எட்டு பிட்களும் அந்த எட்டுக் கம்பிகளில் அப்படியே வந்து நிற்கும். டர்போ சி-யில் ஒரே வரி. அடுத்த எண் வரும்வரை அசையாமல் நிற்கும். யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம், டிரைவர் வேண்டாம்.

இதை நான் கண்டுபிடிக்கவில்லை. ஓரிகன் மாநிலத்து யூஜீன் நகரில் இருந்த கோவாக்ஸ் கம்பெனி 1987-லேயே 'ஸ்பீச் திங்' என்ற பெயரில் பிரிண்டர் போர்ட்டில் செருகும் சின்னப் பெட்டியை விற்றது. அந்தக் காலத்து விளையாட்டுகளின் செட்டப் பட்டியலில் ஆட்லிப், சவுண்ட் பிளாஸ்டர் என்ற கார்டுகளின் வரிசையில் அந்தப் பெயரையும் பார்த்திருக்கிறேன். எந்தக் கடையிலும் கண்ணால் கண்டதில்லை. பாட்டு வாசிக்கும் ஒரு புரோகிராமை ஃபிளாப்பியில் யாரோ கொடுத்தார்கள். அதோடு வந்த டெக்ஸ்ட் ஃபைலைத் திறந்தால் கோடும் கூட்டல் குறியுமாக வரைந்த ஒரு சர்க்யூட் படம். ரெசிஸ்டர்களைத் தவிர அதில் ஒன்றுமே இல்லை. எண்ணைக் குரலாக்குவதற்கு வெறும் ரெசிஸ்டர் போதுமா என்று அன்று ராத்திரி முழுக்க அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

புரிய வைத்தது என் தாத்தாவின் கணக்கு. அவர் கிராமத்தில் கணக்குப்பிள்ளைக்கு எடுபிடியாக இருந்தவர். கீழ்வாயிலக்கம் அவருக்கு மனப்பாடம்: அரை, கால், அரைக்கால், வீசம், அரைவீசம், கால்வீசம் என்று பாதி பாதியாக இறங்கிக்கொண்டே போவார். நெல்லையும் நிலத்தையும் அப்படித்தான் பிரித்தார்கள். பிரிண்டர் போர்ட்டின் எட்டுக் கம்பிக்கும் அதே வாய்ப்பாடு. ஒன்பதாவது பின் முழு அளவில் அரை. எட்டாவது பின் கால். ஏழாவது அரைக்கால். ஆறாவது வீசம். அப்படியே இறங்கி இரண்டாவது பின்னுக்கு வரும்போது பதினாறில் ஒன்றில் பதினாறில் ஒன்று, அதாவது வீசத்தில் வீசம். 256-ல் ஒரு பங்கு. கம்பிகள் எட்டும் ஒரே அளவு வோல்ட்டைத்தான் தருகின்றன. அதைப் பாதி பாதியாகக் குறைத்துக் கூட்டித் தருவது ரெசிஸ்டர்களின் வேலை. ஏணி போல வரிசையாகக் கட்டினால் ஒவ்வொரு படியைத் தாண்டும்போதும் மின்னழுத்தம் பாதியாகிறது. கம்பியிலிருந்து ஏணிக்கு வருவது 20 கே, படிக்கும் படிக்கும் நடுவில் 10 கே, அடியில் கிரவுண்டுக்கு ஒரு 20 கே. இருபதுக்குப் பதில் இரண்டு பத்தை வரிசையாகப் போட்டுவிட்டால் எல்லாமே ஒரே மதிப்பு. எண்ணிப் பார்த்தேன், மொத்தம் 25 ரெசிஸ்டர்.

ராத்திரி பஸ் ஏறி விடியற்காலை பாரிமுனையில் இறங்கி, கடை திறக்கும்வரை காத்திருந்து ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்கினேன். கால் வாட் கார்பன் ரெசிஸ்டர், 10 கே, ஒரு நூறு. பழுப்பு, கறுப்பு, ஆரஞ்சு, தங்கம். கடைசியில் இருக்கிற அந்தத் தங்கப் பட்டைக்கு ஐந்து சதவீதம் கூடவோ குறையவோ இருக்கலாம் என்று அர்த்தம். ஒரு சதவீத மெட்டல் ஃபிலிமும் இருந்தது. விலையைப் பார்த்துக் கார்பனையே எடுத்தேன். அந்தச் சிக்கனத்துக்காக இரண்டு நாள் உட்கார்ந்தேன், ஆனால் இந்தத் தொழிலில் எனக்குக் கிடைத்த பெரிய பாடம் அந்த இரண்டு நாளில் வந்தது.

முதல் பெட்டியை அளக்காமல் கைக்கு வந்தபடி வெரோ போர்டில் பற்றவைத்தேன். குரல் வந்தது. 'ஏழு' என்று சொல்லும்போது 'ஏ' பளிச்சென்று வந்தது. 'ழு' அடங்கும் இடத்தில் மட்டும் மணலில் செருப்பு தேய்வதுபோல ஒரு கரகரப்பு. ஆம்ப்ளிஃபயர் என்று நினைத்து அதை மாற்றினேன். வயர் என்று நினைத்து அதையும் மாற்றினேன். போகவில்லை. பலமான சத்தம் சுத்தமாக இருக்கிறது, மெல்லிய சத்தம்தான் கெடுகிறது. மற்ற ஆடியோ கருவிகளில் நான் பார்த்த பழுதுக்கு இது நேர்த் தலைகீழ்.

காரணம் நடுவில் இருந்தது. எட்டு பிட் ஒலியில் மௌனம் என்பது பூஜ்யம் அல்ல, 128. சத்தம் அதற்கு மேலும் கீழும் ஆடுகிறது. மெல்லிய சத்தம் 125-க்கும் 131-க்கும் நடுவிலேயே ஆடிக்கொண்டிருக்கும், ஒவ்வோர் ஆட்டத்திலும் 127-லிருந்து 128-ஐக் கடக்கும். அந்த ஓர் அடியில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். 127-ல் கீழே உள்ள ஏழு பிட்டும் ஆன், மேல் பிட் ஆஃப். 128-ல் ஏழும் ஆஃப், மேல் பிட் மட்டும் ஆன். எட்டுப் பேரும் ஒரே நேரத்தில் இடம் மாறுகிறார்கள். தாத்தா கணக்கில் சொன்னால், காலிலிருந்து வீசத்தில் வீசம் வரை ஏழையும் கூட்டினால் அரைக்குச் சரியாக ஒரு வீசத்தில் வீசம் குறைய வேண்டும். அரையைத் தருகிற ரெசிஸ்டர் ஒரு சதவீதம் தவறினாலே அது ஒன்றேகால் படி, ஒரு படி என்பது அந்த வீசத்தில் வீசம். ஐந்து சதவீதம் தவறினால் ஆறு படிக்கு மேல். ஒரு படி ஏற வேண்டிய இடத்தில் ஏழு படி குதிக்கிறது, அல்லது கீழே விழுகிறது. மெல்லிய குரல் ஒவ்வொரு முறையும் அந்தப் பள்ளத்தில் கால் வைத்துத்தான் நடக்கிறது.

நூறு ரெசிஸ்டரையும் டிஜிட்டல் மல்டிமீட்டரில் ஒவ்வொன்றாக வைத்து அளந்தேன். காகிதத்தில் ஒட்டி மதிப்பை எழுதினேன். ஒரே டேப்பில் வந்தவை பெரும்பாலும் நெருங்கிய அளவில் இருந்தன. 9.88, 9.89, 9.88. பத்துக்கு ஒரு சதவீதத்துக்கும் மேல் குறைவுதான், ஆனால் அது ஒரு குறையே இல்லை. ஏணிக்குத் தேவை பத்து என்ற எண் அல்ல, ஒன்றுக்கு ஒன்று சமமாக இருப்பது. எல்லாமே 9.88 என்றால் பாதி சரியான பாதிதான். மிக நெருங்கிய ஜோடிகளை ஒன்பதாவது பின்னுக்கும் எட்டாவது பின்னுக்கும் ஒதுக்கினேன். கீழே போகப் போகத் தவறு சிறுத்துவிடும். இரண்டாவது பின்னில் ஐந்து சதவீதம் தவறினாலும் யார் காதுக்கும் எட்டாது. ரெசிஸ்டரை மாற்றிக் கட்டினேன். 'ழு' அடங்கி மறைந்தது, வாய் மூடுவதுபோல.

ஏணியின் முடிவில் 472 என்று அச்சடித்த ஒரு டிஸ்க் கெப்பாசிட்டரைக் கிரவுண்டுக்குப் போட்டேன். 4.7 நானோஃபாரட். ஏணியின் 10 கே-யுடன் சேர்ந்து சுமார் 3400 ஹெர்ட்ஸுக்கு மேல் உள்ளதை அது அமுக்கிவிடும். பழைய டெலிபோன் பேச்சின் மேல் எல்லையும் அதேதான். 8000 மாதிரிகளின் 'கீ' சத்தம் இதில் பெரும்பாலும் அடங்கியது. டிசியைத் தடுக்க இன்னொரு கெப்பாசிட்டர், அதற்கப்புறம் அப்போது டேப் ரெக்கார்டர் மெக்கானிக்குகள் எல்லோரும் வைத்திருந்த 810 ஐசி போர்டு, ஒரு நாலங்குல ஸ்பீக்கர்.

சத்தத்தின் அளவு சரியானது. அடுத்தது நேரம். முதலில் எழுதிய புரோகிராமில் ஓர் எண்ணுக்கும் அடுத்த எண்ணுக்கும் நடுவில் வெறும் லூப் ஓடும். கடையிலிருந்த மெஷினில் சரியாகப் பேசியது, முதலாளியின் 486-ல் அணில் கீச்சிடுவதுபோல ஓடியது. கேபினெட்டில் அப்போது 'டர்போ' என்று ஒரு பட்டன் இருக்கும். குரல் ஓடும்போது அதை அமுக்கினால் பெண் குரல் இழுபட்டு ஆண் குரலாகிவிடும். பிராசஸரின் வேகத்தை நம்பி ஒலியைத் தரக் கூடாது என்று அதில் தெரிந்துகொண்டேன். டைமர் சிப்பை நொடிக்கு 8000 முறை மணியடிக்க வைத்து, ஒவ்வொரு மணிக்கும் ஓர் எண்ணைப் போர்ட்டில் போடும்படி மாற்றி எழுதினேன். எந்த மெஷினிலும் குரல் ஒன்றாக வந்தது.

அதிலும் ஒரு தப்பு செய்தேன், அது கிளினிக்கில் வைத்த பிறகுதான் தெரிந்தது. டாஸ் தன் கடிகாரத்தையும் அதே மணியை வைத்துத்தான் ஓட்டுகிறது, நொடிக்கு 18.2 மணி என்ற கணக்கில். நான் ஒவ்வொரு மணியையும் அப்படியே டாஸுக்கும் கடத்திவிட்டேன். குரல் ஓடும் நேரத்தில் கடிகாரம் 439 மடங்கு வேகத்தில் ஓடியது. டோக்கனைக் கூப்பிட மூன்று நொடி, அதற்குள் கடிகாரத்தில் 22 நிமிடம் போய்விடும். எட்டு மணிக்கு டாக்டர் போன் செய்தார். "தம்பி, பில்லுல நாளைத் தேதி விழுது." மெஷினை அணைத்து மறுபடி ஆன் செய்தால் பேட்டரிக் கடிகாரத்திலிருந்து சரியான நேரம் வந்துவிடும், ஆனால் அதற்குள் முப்பது பில் போயிருந்தது. முப்பதையும் அண்ணனோடு உட்கார்ந்து கையால் திருத்தினேன். மறுநாள் துடிப்புகளைக் கூட்டிக்கொண்டே வந்து 65,536 சேர்ந்தால் மட்டும் டாஸுக்கு ஒரு மணியைக் கடத்தும்படி எழுதினேன். அதற்குப் பிறகு தேதி பிசகவில்லை.

குரல் யாருடையது என்று கேட்பீர்கள். டாக்டரின் பக்கத்து வீட்டில் ஒரு தமிழாசிரியை இருந்தார். பட்டியலை அவரிடம் நீட்டினேன்.

"ஏம்ப்பா, இருபது, இருபத்தின்னு ரெண்டு தடவை எழுதியிருக்கே?"

"தனியா வந்தா இருபது டீச்சர். பின்னால ஒண்ணு ரெண்டு வந்தா இருபத்தி."

"இருபத்தொன்றுன்னு சேர்த்துச் சொல்றதுதானே அழகு?"

"சேர்த்துச் சொன்னா ஒவ்வொரு நம்பரையும் முழுசா பதியணும். 640 கேபி மெமரியில அடங்காது டீச்சர்."

அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு, "அப்ப இருபத்தின்னு குரலை இறக்காம நிறுத்தறேன். அடுத்த சொல்லு வந்து ஒட்டிக்கும்" என்றார். அந்த ஒரு யோசனை என் புரோகிராம் முழுவதற்கும் சமம். 'இருபது' என்றால் குரல் இறங்கி முடியும். 'இருபத்தி' என்றால் மேலேயே நின்று காத்திருக்கும். ஒன்று முதல் பத்தொன்பது வரை 19, இருபது முதல் தொண்ணூறு வரை 8, அவற்றின் ஒட்டும் வடிவம் இன்னும் 8, நூறு, நூற்றி, முன்னால் 'டோக்கன் எண்', பின்னால் 'வாங்க'. மொத்தம் 39 துண்டு. ஒரு துண்டுக்கு முக்கால் நொடி என்று வைத்தால் 2,34,000 பைட். மெமரியில் தாராளமாக அடங்கியது, ஃபிளாப்பியிலும் பாதிக்கு மேல் இடம் மிச்சம்.

கேசட்டில் பதிந்து, சென்னையில் சவுண்ட் கார்டு வைத்திருந்த நண்பனிடம் கொண்டுபோய் எண்ணாக்கி வாங்கி வந்தேன். எட்டு பிட் வேவ் ஃபைலில் முதல் 44 பைட் தலைப்பு. அதைத் தாண்டினால் மற்றதெல்லாம் போர்ட்டுக்கு அப்படியே போகக்கூடிய எண். ஒவ்வொரு துண்டையும் 128-ல் தொடங்கி 128-ல் முடியும்படி வெட்டினேன். இல்லையென்றால் ஒட்டும் இடத்தில் 'டிக்' என்று ஒரு சத்தம். தொண்ணூற்றிக்கு மட்டும் நாலு முறை வெட்டினேன்.

பிரிண்டரும் அதே போர்ட்டில்தான் இருந்தது. ஸ்ட்ரோப் கம்பி துடித்தால்தான் பிரிண்டர் எழுத்தை எடுத்துக்கொள்ளும், அதனால் குரல் ஓடும்போது காகிதம் கெடாது. பில் அடிக்கும்போது மட்டும் எழுத்துகள் எல்லாம் ஸ்பீக்கரில் 'கர்ர்' என்று வாசிக்கும், குழந்தைகள் திடுக்கிட்டுத் திரும்புவார்கள். இரண்டாவதாக ஓர் ஐ/ஓ கார்டு போட்டு 278 என்ற முகவரிக்குக் குரலை மாற்றிய பிறகு அதுவும் போனது. இன்னொன்று: மெஷின் ஓடும்போது பிரிண்டர் போர்ட்டில் எதையும் செருகிக் கழற்றாதீர்கள். அப்படி ஒரு கார்டை நான் இழந்திருக்கிறேன்.

முதல் மாலை, "டோக்கன் எண் இருபத்தி நாலு வாங்க" என்று குரல் வந்ததும் பெஞ்சிலிருந்த பாட்டி ஒருவர் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு எழுந்து போனார். கம்பவுண்டர் அண்ணன் அன்றைக்கு முழுக்க ஒரு வார்த்தை பேசவில்லை, சிரித்துக்கொண்டே இருந்தார்.

சவுண்ட் கார்டு விலை அப்புறம் மளமளவென்று இறங்கியது. மதர்போர்டிலேயே வந்துவிட்டது. விண்டோஸ் எக்ஸ்பியில் ஒரு சாதாரண புரோகிராம் 378-ஐ நேராகத் தொட முடியாது, இடையில் ஒரு டிரைவர் வேண்டும். பிறகு அந்த 25 துளையே மறைந்தது. யுஎஸ்பியிலிருந்து பிரிண்டருக்குப் போகும் கேபிள் இந்த வேலைக்கு உதவாது. அதில் 378 என்ற முகவரி கிடையாது. இதில் எனக்கு வருத்தம் உண்டு. எண் எப்படிக் குரலாகிறது என்று கையால் தொட்டுப் பார்க்கக் கிடைத்த இடம் அது. இன்றைய சவுண்ட் சிப்புக்குள் நடப்பதை நம்மால் திறந்து பார்க்க முடியாது.

ஆனால் வழி முழுதாக அடைபடவில்லை. 2015-ல் வந்த ராஸ்பெரி பை ஜீரோவில் ஹெட்போன் துளை கிடையாது. என் கடைப் பையன், "அண்ணே, இதுல சத்தமே வராதா?" என்று கேட்டான். 18, 13 என்ற இரண்டு பின்னிலிருந்து ஆன்-ஆஃப் துடிப்பை எடுத்து ரெசிஸ்டரும் கெப்பாசிட்டரும் போட்டு வடிகட்டினால் வரும். நான் அன்று குட்டி ஸ்பீக்கரில் செய்த அதே வேலை, பல மடங்கு வேகத்தில்.

கிளினிக் மெஷினை 2003-ல் மாற்றினோம். பெட்டியைத் திறந்து ஒன்பதாவது பின்னின் ஜோடியை மறுபடி அளந்தேன். 9.88, 9.88.

ஆர்டுயினோ ஊனோ ஆர்3 இன்று எல்லா ஊரிலும் கிடைக்கிறது. அதன் பூஜ்யம் முதல் ஏழு வரை எட்டுப் பின்னும் சேர்ந்து ஒரே போர்ட். 32 கேபி நினைவகத்தில் நாலு நொடிக்குச் சற்றுக் குறைவான குரல் அடங்கும், ஓர் ஊரின் பெயரைச் சொல்ல அது போதும். 25 ரெசிஸ்டர் வாங்கி ஒரு ஞாயிற்றுக்கிழமை கட்டிப் பாருங்கள். அதில் அரையைத் தரும் ஏழாவது பின்னுக்கு உரியவற்றை மட்டும் மீட்டரில் அளந்து போடுங்கள்.